மியூசியத்தில் பழங்காலக் கலைப்பொருள்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் சுமார் 80 லட்சம் பொருள்கள் இருக்கின்றன. ஒரே சமயத்தில் பார்வைக்கு வைத்திருப்பது அதில் ஒரு சதவீதம்தான், ஆனால் அந்த ஒரு சதவீதமே 80,000 பொருள்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து விநாடி நின்றால்கூட, ஊண் உறக்கம் இல்லாமல் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அதனால் "எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடலாம்" என்று பெரிய மியூசியத்துக்குள் நுழைகிறவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து கால்வலியோடு, எதைப் பார்த்தோம் என்பதே நினைவில்லாமல் வெளியே வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வருவது எளிமையான விஷயம். குறைவாகப் பாருங்கள், நின்று பாருங்கள், பக்கத்தில் வைத்திருக்கும் விளக்கப் பலகையைப் படிப்பதற்கு முன்னால் பொருளைப் பாருங்கள். கலை வரலாறு படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. எதனால் ஆனது, எப்படிச் செய்தார்கள், எதற்குப் பயன்பட்டது, எங்கே உடைந்தது, இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்ற ஐந்து கேள்விகளுக்கும் பாதிப் பதில் பெரும்பாலும் பொருளின் மேலேயே இருக்கிறது. மீதிப் பாதி பலகையில் இருக்கும், அதையும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

போவதற்கு முன்

ஒரே ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். எகிப்து, கிரேக்கம், இந்தியச் சிற்பம், சீனப் பீங்கான், எதுவாக இருந்தாலும் சரி, உங்கள் மனம் எதில் ஒட்டுகிறதோ அது. பெரிய மியூசியங்கள் பலவும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கின்றன. அங்கே போய் அந்தக் கூடத்திலிருந்து ஐந்து பொருள்களைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், அவை இப்போது காட்சியில் இருக்கின்றனவா, எந்த அறை எண் என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். துணி, காகிதம், ஓலை, சிற்றோவியம் போன்றவற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் வெளிச்சம் பட்டால் அவை நிறம் மங்கும், அதனால் சில மாதம் காட்சியில் வைத்துவிட்டு இருட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அப்புறம், அளவைப் பாருங்கள். புகைப்படத்தில் எல்லாப் பொருளும் ஒரே உயரம்தான். மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலை, டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பது, வெறும் 10.5 சென்டிமீட்டர். வியன்னாவில் இருக்கும் வில்லன்டார்ஃப் வீனஸ் என்ற கற்காலப் பெண் சிலை 11 சென்டிமீட்டர். இரண்டுமே உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பே தெரிந்திருந்தால் "இவ்வளவு சின்னதா" என்ற ஏமாற்றம் வராது, அதற்குப் பதிலாக "இவ்வளவு சின்னதில் இத்தனை வேலையா" என்ற வியப்புதான் வரும்.

கையில் ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் போதும். பேனா வேண்டாம், பல இடங்களில் காட்சிக் கூடத்துக்குள் மை எடுத்துப்போக விடமாட்டார்கள். கைபேசி கேமராவை உருப்பெருக்கியாகப் பயன்படுத்தலாம், ஆனால் ஃபிளாஷையும் டார்ச்சையும் போகும் முன்பே அணைத்துவிடுங்கள். உயரத்தில் பதித்த புடைப்புச் சிற்பங்களைப் பார்ப்பதாக இருந்தால் சிறிய பைனாகுலர் ஒன்று பெரிய உதவி.

முதல் ஐந்து நிமிடம்

அறைக்குள் போனதும் கண்ணுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். துணியும் காகிதமும் வைத்த அறைகளில் சுமார் 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள், அது சாதாரண அலுவலக வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். வெளியே வெயிலில் இருந்து நேராக வந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் நின்றால் நிறங்கள் தாமாக எழும்பி வரும்.

பிறகு, நீங்கள் குறித்துவைத்த பொருளின் முன்னால் போய் நில்லுங்கள். பலகையைப் பார்க்காதீர்கள், கண் தானாக அந்தப் பக்கம் திரும்பும், அடக்கிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் சுற்ற முடிந்தால் சுற்றுங்கள். குனிந்து கீழிருந்து பாருங்கள். பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் மேற்பரப்பில் சாய்ந்து விழும் கோணத்தைக் கண்டுபிடியுங்கள், உளித் தடமும் கீறலும் அந்தக் கோணத்தில்தான் தெரியும். முதுகுப்பக்கம் பார்க்க வாய்ப்பு இருந்தால் தவறவிடவே கூடாது.

முதுகுப்பக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு லூயிஸ் சதுரங்கக் காய்கள் நல்ல உதாரணம். 12ஆம் நூற்றாண்டுப் பொருள்கள், ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் கிடைத்தவை, பெரும்பாலானவை வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கியவை. முன்பக்கம் பார்த்தால் கன்னத்தில் கைவைத்துக் கவலையோடு உட்கார்ந்திருக்கும் ராணி, கேடயத்தின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கும் வீரன். எல்லோரும் அதோடு போய்விடுகிறார்கள். பின்னால் போய்ப் பாருங்கள். ராஜாவும் ராணியும் அமர்ந்திருக்கும் சிம்மாசனத்தின் முதுகில் கொடிப்பின்னல் அவ்வளவு நுணுக்கமாக ஓடுகிறது. செதுக்கியவருக்கு அந்தக் காய்களை வைத்து ஆடுகிறவரின் பார்வையும் மனதில் இருந்திருக்கிறது, அவருக்கு எப்போதும் தெரிவது காயின் முதுகுதானே.

எதனால் ஆனது

கல்லிலிருந்து தொடங்குவோம், அதுதான் எளிது. கல்லைத் தூரத்தில் இருந்து சுமந்து வருவது பெரும்பாடு என்பதால் பெரும்பாலான சிற்பிகள் பக்கத்தில் கிடைத்த கல்லையே எடுத்தார்கள். ஆகவே கல்லே பல சமயம் ஊரைச் சொல்லிவிடும். ஒரே காலத்துப் புத்தர் சிலைகள் இரண்டு அருகருகே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஷிஸ்ட் எனும் சாம்பல் நிறக் கல், அலை அலையான தலைமுடி, கனமான மடிப்புகளோடு இரண்டு தோளையும் மூடிய ஆடை என்றால் அது காந்தாரம். மற்றொன்று சிவப்பு மணற்கல், அதில் அங்கங்கே வெளிர் புள்ளிகள், உடலோடு ஒட்டிய மெல்லிய துணி என்றால் வட இந்தியாவின் மதுரா. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் உலகத்தின் எந்த மியூசியத்தின் தெற்காசியக் கூடத்திலும் பத்தடி தூரத்திலிருந்தே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

ரோமானியப் பளிங்குச் சிலைகளில் இரண்டு தடயங்களைத் தேடுங்கள். முதலாவது, காலுக்குப் பக்கத்தில் காரணமே இல்லாமல் நிற்கும் மரக்கட்டை. அதைப் பார்த்தால் மூலச் சிலை வெண்கலத்தில் இருந்ததோ என்று சந்தேகிக்கலாம். உள்ளே பொள்ளலான வெண்கலம் இரண்டு கணுக்காலில் நின்றுவிடும், பளிங்கு நிற்காது, எடை தாங்காமல் முறிந்துவிடும். கிரேக்க வெண்கலத்தைப் பளிங்கில் நகலெடுத்தவர்கள் அதனால்தான் ஒரு கட்டையையோ தூணையோ முட்டுக்கொடுத்தார்கள். இரண்டாவது, கண். ஹாட்ரியன் பேரரசரின் காலம் வரை, அதாவது சுமார் கி.பி. 130 வரை, பளிங்குக் கண்விழி வழவழப்பாகத்தான் இருக்கும், கருமணியை வண்ணத்தால் தீட்டுவார்கள். அதன் பிறகு கருமணியைத் துளைபோட்டுக் காட்டும் வழக்கம் பரவியது. தலைமுடிச் சுருள்களிலும் ஆழமான துரப்பணத் துளைகள் தெரிந்தால், பெரும்பாலும் 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்துவிட்டீர்கள்.

வண்ணத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் தேடுங்கள். வெள்ளை வெளேர் என்று நிற்கும் கிரேக்கச் சிலைகள் செய்த நாளில் வெள்ளையாக இருக்கவில்லை. ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் மியூசியத்தில் இருக்கும் பெண் சிலைகளில் தலைமுடியின் ஓரத்திலும் ஆடையின் கரையிலும் சிவப்பும் நீலமும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. மழை படாத இடுக்குகளில்தான் வண்ணம் தங்கும். காதின் பின்புறம், ஆடை மடிப்பின் உட்குழி, உதடு சேரும் இடம், இங்கெல்லாம் கண்ணை ஓட்டுங்கள்.

வெண்கலத்துக்கு வருவோம், எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றிக் களிமண் பூசி, சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். களிமண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், எனவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான், அதேபோல் இன்னொன்று வேண்டும் என்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். சோழர் காலத்துத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே கனமாக வார்த்தவை. அவற்றின் பீடத்தைப் பாருங்கள், பக்கவாட்டில் துளைகளோ வளையங்களோ இருக்கும். ஊர்வலத்தில் கழி நுழைத்துத் தூக்கிச் செல்வதற்காக வைத்தது. அடுத்து முகத்தைப் பாருங்கள். மூக்கும் இமையும் மழுங்கி வழவழவென்று இருந்தால் பல தலைமுறை அபிஷேகமும் தேய்ப்பும் பட்ட சிலை. முகம் கூர்மையாக இருந்து, மேலெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் நெடுங்காலம் மண்ணுக்குள் புதைந்திருந்த சிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். வார்த்த நாளைப் போலவே, வழிபட்ட நாள்களையும் மறைந்திருந்த நாள்களையும் அந்த உலோகம் தாங்கி நிற்கிறது.

களிம்பிலும் நல்லது கெட்டது உண்டு. அடர்த்தியாக, மென்மையாகப் படிந்திருக்கும் பச்சையோ பழுப்போ உலோகத்துக்குக் காவல். வெளிர்ப் பச்சையில் பொடிப்பொடியாக உதிர்வது நோய், உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு ஈரப்பதத்தோடு சேர்ந்து அரிக்கும் அரிப்பு. அதைத் தடுக்கத்தான் சில வெண்கலங்களை ஈரம் குறைந்த தனிப் பேழைக்குள் அடைத்து வைக்கிறார்கள்.

பெனின் வெண்கலங்கள் என்று பெயர்போனவற்றைப் பார்க்க நேர்ந்தால் தகடுகளின் மூலைகளைப் பாருங்கள். அவற்றில் பல உண்மையில் பித்தளை. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் அரண்மனைத் தூண்களில் அறைந்திருந்த தகடுகள் அவை, ஆணித் துளைகள் இன்றும் இருக்கின்றன. 1897இல் பிரிட்டிஷ் படை அரண்மனையைக் கொள்ளையடித்தபோது சிதறி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அந்தத் துளையை ஒருமுறை பார்த்துவிட்டால் கண்ணாடிக்குள் தனியாக மாட்டியிருக்கும் தகடு உங்களுக்குத் தனிப் பொருளாகவே தோன்றாது, ஒரு கட்டடத்தின் துண்டாகத்தான் தோன்றும்.

மண்பாண்டம், கொஞ்சம் நிதானமாக

கிரேக்கப் பானைகள் இருக்கும் அறையைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், வரிசை வரிசையாகக் கறுப்பும் சிவப்புமாக ஒரே மாதிரி தெரிவதால். அங்கேதான் நிற்கச் சொல்கிறேன். மூன்று கைப்பிடி உள்ள ஒரு பானையைத் தேடுங்கள். அதற்குப் பெயர் ஹைட்ரியா, தண்ணீர் எடுப்பதற்கானது. பக்கத்துக்கு ஒன்றாகப் படுக்கை வாட்டத்தில் இருக்கும் இரண்டு பிடியும் நிரம்பிய பானையைத் தூக்குவதற்கு, முதுகில் நெட்டுவாக்கில் இருக்கும் ஒற்றைப் பிடி சாய்த்து ஊற்றுவதற்கு. பெயர் தெரியாமல் இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பிடிகளை மனதுக்குள் பிடித்துப் பார்த்தாலே பயன் தெரிந்துவிடும். அகன்ற வாயுள்ள பெரிய பாத்திரம் கிராட்டர், மதுவில் தண்ணீர் கலக்க. தட்டையான கிண்ணமும் மெல்லிய தண்டுமாக இருப்பது கைலிக்ஸ், குடிக்க. அதன் உள்வட்டத்தின் நடுவில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும், குடித்து முடிக்க முடிக்கத்தான் அது தெரியவரும்.

இப்போது அந்தக் கறுப்பு. அது வண்ணப்பூச்சு கிடையாது. பானை செய்த அதே மாதிரி இரும்புச் சத்துள்ள களிமண்ணை மிக நைசாகக் கரைத்துப் பூசியது. சூளையில் மூன்று கட்டமாகச் சுடுவார்கள். முதலில் காற்றை விட்டுச் சுட்டால் எல்லாம் சிவப்பு. பிறகு காற்றை அடைத்துவிட்டால் எல்லாமே கறுத்துவிடும். கடைசியில் மறுபடி காற்றைத் திறக்கும்போது, பானையின் உடல் நுண்துளை உள்ளது என்பதால் காற்றை இழுத்துச் சிவப்பாகத் திரும்பிவிடும், நைசாகப் பூசிய பகுதியோ இதற்குள் கண்ணாடிபோல் இறுகிவிட்டதால் காற்று உள்ளே போகாது, கறுப்பாகவே நின்றுவிடும். ஒரே மண், ஒரே சூளை, காற்றை எப்போது அடைப்பது எப்போது திறப்பது என்ற கணக்கில் இரண்டு நிறம். வெப்பமானி இல்லாத காலத்தில், தீயின் நிறத்தைப் பார்த்தே இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

உருவங்கள் கறுப்பாகவும் பின்னணி சிவப்பாகவும் இருந்தால் முந்தைய பாணி, அதில் முக வரிகளை ஊசியால் கீறியிருப்பார்கள், பக்கவாட்டில் நின்றால் கீறல் மின்னும். சுமார் கி.மு. 530க்குப் பிறகு ஏதென்ஸில் இதைத் தலைகீழாக்கினார்கள், பின்னணியைக் கறுப்பாக்கிவிட்டு உருவத்தைச் சிவப்பாக விட்டார்கள். வரிகளைத் தூரிகையால் போட முடிந்ததால் தசையும் துணி மடிப்பும் அதன் பிறகு எவ்வளவு இளகிப்போகின்றன என்பதை அடுத்தடுத்த இரண்டு பேழைகளிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சீனப் பீங்கானைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று மட்டும். அடிப்பாகத்தில் அரசர் ஆட்சிக்காலத்தைக் குறிக்கும் எழுத்து முத்திரை இருக்கும், பல மியூசியங்கள் கண்ணாடி வைத்து அதைக் காட்டுவார்கள். அதை மட்டும் நம்பி வயதைச் சொல்லிவிடக் கூடாது, 17, 18ஆம் நூற்றாண்டுக் குயவர்கள் 15ஆம் நூற்றாண்டு அரசரின் முத்திரையை மரியாதைக்காகவும் போட்டிருக்கிறார்கள். மாறாக, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள டேவிட் ஜாடிகளின் கழுத்தில் அவற்றைக் கோயிலுக்குக் கொடுத்தவரின் எழுத்தும் 1351 என்ற ஆண்டும் இருக்கின்றன. நீலவெள்ளைப் பீங்கானின் வரலாற்றையே அந்த இரண்டு ஜாடிகளை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

இப்போது பலகையைப் படிக்கலாம்

பொருளைப் பார்த்து உங்கள் ஊகத்தை நோட்டில் நாலு வரி எழுதிய பிறகு பலகைக்கு வாருங்கள். தலைப்பைத் தாண்டிச் சின்ன எழுத்தில் இருப்பதுதான் விஷயம்.

ஓவியமோ கைவினையோ, பெயருக்கு முன்னால் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வெறும் பெயர் மட்டும் இருந்தால் அவரே செய்தது என்று மியூசியம் நம்புகிறது. "இன்னாருடையதாகக் கருதப்படுகிறது" என்றால் கையெழுத்தோ ஆவணமோ இல்லை, பாணியை வைத்துச் சொல்கிறார்கள். "இன்னாருடைய பட்டறை" என்றால் அவருடைய கண்காணிப்பில் சீடர்கள் கைவைத்தது. "இன்னாருடைய பாணியில்" என்றால் அவருக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ, பிற்காலத்தில்கூட இருக்கலாம். அதேபோல் "கிடைத்த இடம்" என்பதும் "கிடைத்ததாகச் சொல்லப்படும் இடம்" என்பதும் ஒன்றில்லை. முதலாவதுக்கு அகழாய்வுப் பதிவு இருக்க வாய்ப்பு உண்டு, இரண்டாவது பெரும்பாலும் விற்றவர் சொன்ன வார்த்தை.

தேதி எப்படி வந்தது என்றும் யோசியுங்கள். கார்பன் முறை மரம், எலும்பு, துணி, தந்தம் போல ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான். சுடுமண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை வெப்ப ஒளிர்வு முறையில் அளக்கலாம். கல்லுக்கு இந்த வழி எதுவும் இல்லை. கல் கோடிக்கணக்கான ஆண்டுப் பழையது, சிற்பி உளி வைத்த நாளை அது சொல்லாது. அதனால் கற்சிற்பங்களின் "சுமார்" என்பது எழுத்தமைதி, பாணி, கூடக் கிடைத்த பொருள்கள் ஆகியவற்றை வைத்து அறிஞர்கள் வந்து சேர்ந்த முடிவு. ஐம்பது வருடம் முன்னே பின்னே நகரும்.

பலகையின் கடைசியில் ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளாத எண். அதுதான் சேர்க்கை எண், அந்தப் பொருள் மியூசியத்துக்குள் வந்த கதையின் முதல் வரி. லூயிஸ் சதுரங்கக் காய்களின் எண் 1831,1101 என்று தொடங்கும், 1831 நவம்பர் 1 என்ற தேதியில் பதிவான தொகுதி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் 1972.11.10 என்று ஒரு எண் இருந்தது. 1972இல் வந்தது, அந்த ஆண்டின் 11ஆவது சேர்க்கை, அதில் 10ஆவது பொருள் என்று பிரித்துப் படிக்க வேண்டும். யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியர் கையெழுத்திட்ட கிராட்டர் அது, இத்தாலியக் கல்லறை ஒன்றிலிருந்து களவுபோனது என்று தெரிந்து 2008இல் இத்தாலிக்கே திரும்பிப்போனது. பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த ஆண்டு 1970. எனவே 1970க்குப் பிறகு வாங்கிய பொருள் என்றால் அதற்கு முந்தைய வரலாறு என்ன எழுதியிருக்கிறது என்று இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். ஒன்றும் இல்லாமல் வெற்றாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

தமிழ்நாட்டின் ஶ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரின் கதை இதற்குச் சரியான பாடம். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் அதை வாங்கியது, ஆவணங்கள் எல்லாம் கூடவே வந்தன. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் காப்பகத்தில் அதே சிலை கோயிலுக்குள் இருந்தபோது எடுத்த புகைப்படம் இருந்தது. இரண்டையும் வைத்து ஒப்பிட்டார்கள், வார்ப்பில் விழுந்த குறைகள் உட்படப் பொருந்தின. ஒரு அச்சுக்கு ஒரு சிலை என்று மேலே சொன்னேனே, அதனால்தான் இது சாட்சியாக நின்றது. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. யாரோ ஒருவர் பொறுமையாக எடுத்துவைத்த சாதாரண கறுப்புவெள்ளைப் படம் செய்த வேலை அது, பொருள்களைப் பதிவுசெய்து வைக்கிறவர்களுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக எது சொல்லும்?

உடைப்பும் ஒட்டும்

உடைந்த இடத்தை அவலட்சணம் என்று ஒதுக்காதீர்கள், அங்கே கதை இருக்கிறது. எகிப்தியச் சிலைகளில் மூக்கு மட்டும் போயிருந்தால், முகத்தின் மற்ற பகுதிகள் நன்றாக இருந்தால், தானாக விழுந்ததா யாரும் உடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். சிலைக்குள் குடியிருக்கும் சக்தி மூச்சு விட முடியாமல் போக வேண்டும் என்று வேண்டுமென்றே உடைத்தவை பல. அரசர் பெயரைச் சுற்றிய நீள்வட்டத்துக்குள் சுரண்டிய தடம் இருந்தால் அந்தப் பெயரை யாரோ பின்னால் அழித்திருக்கிறார்கள். ஹட்ஷெப்சுட் அரசிக்கு அப்படித்தான் நடந்தது.

ஒட்டுப்போட்ட இடங்களைக் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி. பொருள்களைப் பழுதுபார்த்துக் காக்கும் இன்றைய பாதுகாப்பாளர்கள் விடுபட்ட பகுதியை மறைக்க முயல்வதில்லை. தள்ளி நின்றால் கண்ணை உறுத்தாத, கிட்டப் போனால் புதிது என்று தெரிகிற நிறத்தில்தான் நிரப்புவார்கள். கிரேக்கப் பானையில் ஒரு குதிரையின் கால் பாதியில் நின்று, அதற்கு மேல் வெறும் ஆரஞ்சு நிறம் மட்டும் இருந்தால் அது நிரப்பிய இடம். இத்தாலியச் சுவரோவியங்களில் நிரப்பிய பகுதி முழுக்க மெல்லிய நேர்க்கோடுகளாக இருக்கும். போர்ட்லண்ட் ஜாடி என்ற ரோமானியக் கண்ணாடிப் பாத்திரம் 1845இல் பிரிட்டிஷ் மியூசியத்திலேயே ஒருவன் கையால் சுக்குநூறானது. அதே ஆண்டு ஒட்டினார்கள், 1940களின் இறுதியில் பிரித்து மறுபடி ஒட்டினார்கள், 1980களின் இறுதியில் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் பழைய பசை பலவீனமாகிவிட்டதால்தான். பிற்காலத்தில் பிரிக்க முடிகிற பசையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பாதுகாப்பாளர்கள் பிடிவாதமாக இருப்பதன் காரணம் இதுதான்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் எகிப்தியக் கல்வெட்டான ரோசெட்டா கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முன்பக்கத்து மூன்று வகை எழுத்தைப் படம் பிடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கவாட்டு விளிம்பில் வெள்ளை எழுத்தில் 1801இல் பிரிட்டிஷ் படை எகிப்தில் கைப்பற்றியது என்று எழுதியிருக்கிறது. கி.மு. 196இல் வெட்டிய கல்வெட்டில் நான்காவதாகச் சேர்ந்த எழுத்து அது, படிக்காமல் வரக் கூடாது.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை

புதியவர்கள் போலியைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்காக வருந்தவும் வேண்டாம், பெரிய நிபுணர்களே விழுந்திருக்கிறார்கள். மெட்ரோபாலிட்டன் மியூசியம் 1915இலிருந்து 1921 வரையிலான காலத்தில் வாங்கிய பிரம்மாண்டமான எட்ரூஸ்கன் (பண்டைய இத்தாலிய மக்கள்) சுடுமண் வீரர்கள் பல ஆண்டுகள் பெருமையோடு காட்சியில் நின்றார்கள். கறுப்புப் பூச்சைச் சோதித்தபோது அதில் மாங்கனீசு இருந்தது, அந்தக் காலத்தில் அப்படிக் கறுப்பு செய்யும் வழக்கம் கிடையாது. 1961இல் அதைச் செய்தவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டார், ஒரு வீரனுக்கு இல்லாமல் இருந்த கட்டைவிரலை அவர் இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்தார், கொண்டுவந்து வைத்ததும் கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் கெட்டி மியூசியம் 1985இல் வாங்கிய கூரோஸ் எனும் நிற்கும் இளைஞன் சிலைக்கு "கிரேக்கம், சுமார் கி.மு. 530, அல்லது நவீனப் போலி" என்றே பலகை வைத்திருந்தது. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதும் பலகையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கூடத்தில் நடந்துகொள்ளும் முறை

தொடாதீர்கள். விரலில் இருக்கும் உப்பும் எண்ணெயும் உலோகத்தை அரிக்கும், நுண்துளைக் கல்லில் கறையாகப் படியும். ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது, லட்சம் பேர் தொட்டால் மூக்கே தேய்ந்துவிடும். பேழைக் கண்ணாடியில் சாயாதீர்கள், முதுகுப்பை இருந்தால் முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். படம் எடுத்தால் முதலில் பலகையை எண்ணோடு ஒரு படம், பிறகு பொருள். மாற்றி எடுத்தால் வீட்டுக்குப் போய் எது எதற்கு என்று தெரியாது.

காவலில் நிற்பவர்களோடு பேசுங்கள். நாள் முழுக்க அந்த அறையிலேயே இருப்பவர்கள், எந்த நேரத்தில் சன்னல் வெளிச்சம் எந்தச் சிலையின் மேல் விழும், கூட்டம் எப்போது குறையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், வரையுங்கள். வரையத் தெரியாது என்று சொல்பவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். ஐந்து நிமிடம் பென்சிலால் ஒரு கையை மட்டும் வரைய முயன்றால்கூட, விரல் எங்கே மடிகிறது, வளையல் எதன் மேல் ஏறியிருக்கிறது என்று கண் தானாகத் தேடத் தொடங்கும். நடனப் பெண் சிலையின் இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை வளையலால் நிறைந்திருக்கிறது, வலது கையில் நான்கே நான்கு. பார்த்த பலருக்கு இது நினைவில் நிற்காது, வரைந்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

குறித்துவந்த சேர்க்கை எண்ணை அந்த மியூசியத்தின் இணையத் தேடலில் அப்படியே போடுங்கள். பலகையில் இடம் இல்லாததால் விட்டுப்போன எல்லாம் அங்கே இருக்கும்: எடை, அடிப்பாகத்தின் படம், யார் யாரிடம் கைமாறியது, எந்தெந்தக் கட்டுரைகளில் பேசப்பட்டிருக்கிறது. மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பிறகு வேறு பல மியூசியங்களும் அந்த வழியில் வந்தன. பெரிதாக்கிப் பார்த்தால் நேரில் தெரியாத தூரிகைத் தடமெல்லாம் தெரியும். நீங்கள் நோட்டில் எழுதிய ஊகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது சரி, எது தப்பு என்று டிக் போடுங்கள்.

பதிவில் ஏதாவது இடறினால், உதாரணமாக உங்களுக்குத் தெரிந்த எழுத்தைத் தப்பாகப் படித்திருந்தால், சேர்க்கை எண்ணைக் குறிப்பிட்டுக் காப்பாட்சியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். சுருக்கமாக, படத்தோடு எழுதினால் பல மியூசியங்கள் பதில் போடும், பதிவைத் திருத்தவும் செய்யும். கல்வெட்டும் ஓலையும் படிக்கத் தெரிந்த தமிழ் வாசகர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் ஆசை. அடுத்த முறை போகும்போது வேறு கூடத்துக்குப் போகும் ஆசை வரும், போகலாம், ஆனால் பழைய ஐந்தில் ஒன்றையாவது வழியில் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். பேழையை மாற்றியிருப்பார்கள், விளக்கை நகர்த்தியிருப்பார்கள், போன தடவை சுவரோடு ஒட்டியிருந்த முதுகு இந்தத் தடவை தெரியலாம்.